கடைசி மூன்று நாட்களைக் காலியாக விடுங்கள்

திருச்சி, லால்குடி, மணப்பாறைப் பக்கத்திலிருந்து நண்பர்களோடு முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு வியட்நாமுக்குக் கிளம்பும் தம்பி தங்கைகளுக்கும், அவர்களை அனுப்பிவைக்கும் பெற்றோருக்கும் ஹோ சி மின் நகரிலிருந்து வணக்கம்.

2023 நவம்பரில் திருச்சிக்கும் இந்த நகருக்கும் நேரடி விமானம் தொடங்கியது. சென்னைக்குப் போய்ச் சேரும் நேரத்துக்குள் இங்கே வந்து இறங்கிவிடலாம் என்ற நிலை வந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. நம் பிள்ளைகள் நிறைய வரவேண்டும், நாடு பார்க்கவேண்டும். ஆனால் பயணத்தின் முடிவை நம்மவர்கள் திட்டமிடும் விதம் எனக்குக் கவலை தருகிறது. பயணத்தின் கடைசி மூன்று நாட்களில் பெரிய வேலை எதையும் வைக்காதீர்கள். அந்த நாட்களை, ஊர் திரும்பும் விமானம் ஏறுகிற நகரத்திலேயே கழியுங்கள். இதைச் சொல்லத்தான் இந்த மடல்.

வழக்கமாகப் போடுகிற திட்டத்தைப் பாருங்கள். தெற்கே ஹோ சி மின் நகரில் இறங்குவது, கூச்சி சுரங்கங்களையும் மீகாங் ஆற்றையும் பார்ப்பது, நடுவில் தா நாங், ஹோய் ஆன், பிறகு வடக்கே ஹனோய், முடிவில் ஹா லாங் விரிகுடா அல்லது ஹா ஜியாங் மலைப்பாதை. அங்கிருந்து ஒரே ஓட்டமாக ஹோ சி மின் நகருக்குத் திரும்பி, அன்றிரவே திருச்சி விமானம். வரைபடத்தில் இது அழகாகத்தான் தெரியும். ஆனால் ஹனோய்க்கும் இந்த நகருக்கும் இடையே ரயில் பாதையின் நீளம் 1,726 கிலோமீட்டர். ரயிலில் 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும். விமானத்தில் இரண்டு மணி நேரம்தான், ஆனால் அது தனி டிக்கெட். உள்நாட்டு விமானம் தாமதமானால் திருச்சி விமானம் உங்களுக்காகக் காத்திருக்காது. அந்த டிக்கெட் பணமும் திரும்பி வராது. இந்த நகரின் தான் சோன் நாத் விமான நிலையத்தில் 2025 ஏப்ரலில் திறந்த மூன்றாம் முனையம் உள்நாட்டு விமானங்களுக்கானது. அதில் இறங்கினால் பெட்டியை எடுத்துக்கொண்டு, தள்ளியிருக்கும் பன்னாட்டு முனையத்துக்கு வண்டி பிடித்துப் போகவேண்டும். திருச்சிக்கு நினைத்த நேரத்தில் மாற்று விமானமும் கிடையாது. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நாள் கணக்கில் காத்திருக்க நேரலாம்.

ஹா ஜியாங்கைக் கடைசியில் வைப்பதுதான் இவற்றில் மிக மோசமானது. ஹனோயிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் ஸ்லீப்பர் பஸ்ஸில் போய், அங்கிருந்து 350 கிலோமீட்டர் போலச் சுற்றிவரும் மலைப்பாதை அது. அதன் முக்கியப் பகுதியை 1959 முதல் 1965 வரை இளைஞர்கள் கையாலேயே வெட்டினார்கள். மா பி லெங் கணவாயில் கயிற்றில் தொங்கியபடி பாறையைக் குடைந்தார்கள். பார்க்கவேண்டிய இடம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சரிவு, வளைவு, ஈரம், எதிரே வரும் லாரி என்று ஒவ்வொரு நிமிடமும் கண்ணை எடுக்க முடியாத சாலை. பத்து நாள் அலைந்து, தூக்கம் கெட்டு, வயிறும் சரியில்லாத உடம்போடு பைக் ஓட்டவேண்டிய இடம் இதுவல்ல.

சட்டமும் நம் பக்கம் இல்லை. இந்தியாவில் வழங்கும் இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் 1949ஆம் ஆண்டு ஜெனீவா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்தின்படி அமைந்தது. வியட்நாம் ஏற்பது 1968ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தின்படி வழங்கிய பெர்மிட்டை. ஆகவே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பணம் கட்டி வாங்கிவந்த அந்தப் புத்தகம் இங்கே 50 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்குச் செல்லாது. செல்லாத உரிமத்தோடு ஓட்டி விபத்து நடந்தால், பயணக் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும். கடையில் பைக் கொடுத்துவிட்டார்களே என்று கேட்காதீர்கள். கடைக்காரர் வண்டிதான் கொடுக்கிறார், உரிமம் கொடுக்கவில்லை. 2025 ஜனவரியிலிருந்து போக்குவரத்து அபராதங்களும் பலமடங்கு ஏறிவிட்டன. ஓட்டுகிறவரின் மூச்சில் துளி மதுகூட இருக்கக் கூடாது என்பது இங்குள்ள சட்டம். மலைக் கிராம விடுதிகளில் இரவுச் சாப்பாட்டோடு சோளச் சாராயத்தைச் சின்னக் கோப்பையில் ஊற்றி, மரியாதையோடு நீட்டுவார்கள். இரவு குடித்தது காலை ஏழு மணிக்குள் இறங்கிவிடும் என்று நம்பி வண்டியை எடுக்காதீர்கள். உள்ளூர் ஓட்டுநரின் பின்னால் உட்கார்ந்து போகும் ஏற்பாடு அங்கே எல்லா இடத்திலும் உண்டு. செலவு கூடும்தான். கண்ணும் மனசும் மலையைப் பார்க்கக் கிடைக்கும்.

அடுத்தது மழை. காலாண்டு விடுமுறை, ஆயுத பூஜை, தீபாவளி என்று நமக்கு லீவு கிடைக்கும் மாதங்கள்தான் இங்கே புயல் மாதங்கள். 2024 செப்டம்பர் 7 அன்று யாகி புயல் வடக்கே கரையேறியபோது ஹனோயின் நொய் பாய் உட்பட நான்கு விமான நிலையங்களை மூடினார்கள். 2025 ஜூலை 19 அன்று திடீர்க் காற்றில் ஹா லாங்கில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 30க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் கடைசியில் ஹுவே, ஹோய் ஆன் நகரங்கள் வெள்ளத்தில் மூழ்கின. காற்று எழும்பினால் ஹா லாங் துறைமுக அதிகாரிகள் படகுகளை நிறுத்திவிடுவார்கள், நிறுத்தத்தான் வேண்டும். கையில் நாள் இருக்கிறவர் அந்த அறிவிப்பைக் கேட்டு அறையிலேயே இருப்பார். நாளைக்கு விமானம் என்கிறவர்தான், எப்படியாவது போய்விடலாமா என்று ஆள் தேடுவார்.

விசாவிலும் இதே கதைதான். ஒருமுறை நுழைவதற்கான இ-விசாவுக்குக் கட்டணம் 25 டாலர். பத்து நாள் கேட்டாலும் 90 நாள் கேட்டாலும் கட்டணம் அதுவே. அப்படியிருந்தும் விமானத் தேதியையே வெளியேறும் தேதியாகப் போட்டு விண்ணப்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். புயலால் விமானம் ஒரு நாள் தள்ளிப்போனாலும் அவர்கள் சட்டப்படி தங்கும் உரிமை இல்லாதவர்கள் ஆகிவிடுவார்கள். பாஸ்போர்ட் தொலைந்தால் இந்தியத் தூதரகத்தில் அவசரச் சான்று வாங்கவேண்டும். அதன் பிறகு வியட்நாம் குடிவரவு அலுவலகத்தின் வெளியேறும் அனுமதியும் வேண்டும். சனி, ஞாயிறு இவை நடப்பது கடினம். திங்கட்கிழமை வேலைக்குப் போயாகவேண்டும் என்று ஞாயிறு இரவு விமானம் பிடிக்கிறவர்கள் இதை யோசித்துப் பார்க்கவேண்டும்.

நட்புக்கும் இந்தக் காலி நாட்கள் தேவை. ஆறேழு பேர் இரண்டு வாரம் ஒரே அறையில் தங்கி, எங்கே சாப்பிடுவது, எதற்கு எவ்வளவு என்று தினமும் முடிவெடுத்து ஓய்ந்துபோகிறார்கள். அந்தச் சோர்வில் கணக்கு பார்த்தால் சண்டைதான் வரும். இங்கே 20,000 டாங் நோட்டும் நீலம், 5,00,000 டாங் நோட்டும் நீலம். முன்னது நம் பணத்தில் எழுபது ரூபாய் அளவுதான். பின்னது ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல். நள்ளிரவில் டாக்ஸிக்காரரிடம் ஒன்றுக்கு ஒன்று மாற்றிக் கொடுத்துவிட்டு, யார் கொடுத்தது என்று மறுநாள் முகம் திருப்பிக்கொள்வது எவ்வளவு வீண்! கணக்கை ஒரு பகலில், எல்லோரும் தூங்கி எழுந்த பிறகு முடியுங்கள். விருப்பப்பட்டவர் தனியாகச் சுற்றட்டும்.

லீவே பத்து நாள், அதில் மூன்றைச் சும்மா விடுவதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், டிக்கெட் பணமும் கடன் வாங்கிய பணமாக இருக்கலாம். ஆனால் சும்மா இருக்கச் சொல்லவில்லை. இந்த நகரிலேயே போர் அருங்காட்சியகமும் பென் தான் சந்தையும் இருக்கின்றன. சந்தையிலிருந்து நடக்கிற தூரத்தில், பிரெஞ்சுக்காரர் காலத்தில் தமிழ் வணிகர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. இன்று அங்கே ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுகிறவர்களில் வியட்நாமியரே அதிகம். பத்து நாள்தான் உண்டு என்றால் ஒரு பகுதியை விட்டுவிடுங்கள். மத்திய நகரங்களை அடுத்த முறை பார்க்கலாம்.

சிறந்ததைக் கடைசியில் வைத்தால்தான் நினைவில் நிற்கும் என்று படித்தவர்கள் சிலர் சொல்வார்கள். அதற்கு ஆதாரமும் காட்டுவார்கள். 1993இல் உளவியலாளர் டேனியல் கானமனும் சகாக்களும் 14 டிகிரி குளிர்நீரில் கையை வைக்கச் செய்த சோதனையில், முடிவில் குளிர் சற்றே குறைந்த நீண்ட வேதனையைத்தான் பெரும்பாலோர் மறுபடி ஏற்கத் தயாராக இருந்தார்கள். ஆனால் அது ஒன்றரை நிமிட விஷயம். மாணவர்களின் ஒரு வார விடுமுறைகளை வைத்து 2008இல் வெளியான நியூசிலாந்து ஆய்வில், முடிவே நினைவைத் தீர்மானிக்கும் என்ற அந்த விதி அவ்வளவு நன்றாகப் பொருந்தவில்லை. நாள் கணக்கில் நீளும் பயணத்தை மனம் அதன் முடிவை மட்டும் வைத்து எடைபோடுவதில்லை. மா பி லெங்கை நான்காம் நாள் பார்த்தாலும் அது மறக்காது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இதையெல்லாம் படித்துவிட்டுப் போகாதே என்று தடுக்காதீர்கள். விமானத் தேதி, விசாவில் உள்ள வெளியேறும் தேதி, கடைசி மூன்று நாள் எங்கே தங்குகிறார்கள், இவற்றை மட்டும் கேளுங்கள். தம்பி தங்கைகளே, இறங்கிய மறுநாளே ஹனோய்க்குப் பறந்துவிடுங்கள். மலையையும் கடலையும் முதல் வாரத்தில் முடித்துக்கொண்டு தெற்கு நோக்கி வாருங்கள். விசாவை ஒரு மாதத்துக்குக் கேளுங்கள். டிக்கெட் எடுக்கும் முன்பே இவற்றை எல்லாரும் உட்கார்ந்து பேசி முடிவுசெய்துவிடுங்கள். எடுத்த பிறகு மாற்றுவது கடினம்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்
ஹோ சி மின் நகர்