களத்தில் ஓர் அக்கா வேண்டும்
இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

மல்யுத்தம் ஏட்டில் எழுதிப் படிக்கும் கலையன்று. தொட்டுப் பழகும் கலை. எதிராளியின் காலை வாரிப் பிடிப்பதும், இரு தோள்களும் விரிப்பில் படும்படி அழுத்துவதும் உடலோடு உடல் மோதியே கற்க வேண்டியவை. ஈர்ப்பு மையம், நெம்புகோல் என்று வகுப்பில் நாம் படிப்பதை அங்கே ஒரு சிறுமி தன் தோளாலும் இடுப்பாலும் கற்கிறாள். அப்படியானால் அவளுக்குக் கற்றுத் தருபவர் யார் என்பது சிறிய கேள்வியா?

ஒலிம்பிக்கில் பெண்கள் மல்யுத்தம் இடம்பெற்றதே 2004இல்தான். அதற்கு முன்பே அரியானாவின் பலாலி கிராமத்தில் மகாவீர் சிங் போகாட் தம் பெண்களைக் களத்தில் இறக்கிவிட்டார். மூத்த மகள் கீதா 2010 டில்லி காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றார். தந்தையின் கண்டிப்பை நாடே புகழ்ந்தது. ஆனால் அந்த வீட்டில் இன்னொன்றும் நடந்தது. தந்தையை இழந்த தம்பி மகள் வினேஷ், கீதா, பபிதா என்ற அக்காள்மாரோடு பயின்றே வளர்ந்தார். 2018இல் ஆசியப் போட்டி மல்யுத்தத்தில் தங்கம் வென்ற முதல் இந்தியப் பெண் அவரே.

அதே அரியானாவின் அந்திம் பங்காலைப் பாருங்கள். அந்திம் என்றால் 'கடைசி'. இனிப் பெண் குழந்தை வேண்டாம் என்று வைத்த பெயர்! கபடி ஆடிய அக்கா அவரை விளையாட்டின் பக்கம் திருப்பினார். 2022இல் இருபது வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் தங்கம் வென்ற முதல் இந்தியப் பெண்ணானார், 2023இலும் வென்றார்.

வீட்டில் அக்கா இருந்தவர்கள் வென்றார்கள். இல்லாதவள் என்ன செய்வாள்?

என் வீட்டில் எனக்கு முன் கல்லூரி வாசலை மிதித்தவர் இல்லை. முதலாண்டில் வெர்னியர் அளவியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தேன். ஆசிரியரிடம் கேட்கக் கூச்சம். மூன்றாமாண்டு அக்கா ஒருவர் அருகில் வந்து, "நானும் இப்படித்தான் விழித்தேன்" என்று சொல்லிக் கற்றுத் தந்தார். அளவியைவிட அந்தச் சொல்தான் என்னைக் கல்லூரியில் நிறுத்தியது.

களத்தில் இத்தேவை இன்னும் பெரிது. எடையைக் குறைக்கப் பட்டினி கிடக்கலாமா, வீட்டுக்கு விலக்கான நாளில் பயிற்சி செய்யலாமா என்று ஆண் பயிற்சியாளரிடம் கேட்க எத்தனை சிறுமிகளுக்கு நா எழும்? 2024இல் பாரிசில் 100 கிராம் எடை கூடியதால் இறுதிப் போட்டியை இழந்த வினேஷை நினைத்தால், எடை என்பது எத்தனை கொடிய எதிராளி என்று விளங்கும்.

2023இல், ஒலிம்பிக் பதக்கம் வென்ற சாக்ஷி மாலிக் உள்ளிட்டோர் டில்லி ஜந்தர் மந்தரில் அமர்ந்தனர். மல்யுத்தக் கூட்டமைப்பின் தலைவர் மீது பாலியல் தொல்லைப் புகார் எழுந்தது; அவர் மறுத்தார். தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. நான் கேட்பது வேறு. பதக்கம் பெற்றவர்களே நியாயம் கேட்டுத் தெருவில் அமர வேண்டியிருந்ததென்றால், பதினான்கு வயதுச் சிறுமி யாரிடம் போய்ச் சொல்வாள்? சட்டமும் விசாரணைக் குழுவும் வேண்டும்தான். ஆனால் அந்தக் குழுவின் கதவு வரை கைப்பிடித்து அழைத்துச் செல்ல ஒருத்தி வேண்டாமா?

ஆடும் வயதில் பிறருக்குக் கற்பித்தால் தன் ஆட்டம் கெடும் என்பர் சிலர். சொல்லிக் கொடுக்கும்போதுதான் நம் பிடியின் பிழை நமக்கே தெரியும். வென்றவரெல்லாம் நல்லாசிரியர் ஆவரோ என்பர் வேறு சிலர். உண்மை, அதற்குத்தான் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் இருக்கிறது. இளம் வீராங்கனைகளுக்கு அங்கே குறுகிய காலப் பயிற்சி தரட்டும். சிறுமிகள் பயிலும் ஒவ்வொரு கூடத்திலும் அவர்களுள் ஒருவரையேனும் அமர்த்தட்டும். ஓசிச் சேவையாக அன்று, உரிய ஊதியத்தோடு.

பதக்கம் ஒருத்தியின் கழுத்தோடு நின்றுவிடும். அவள் கற்றுத் தந்த பிடியோ பல கைகளுக்குப் போகும். தோழியரே, தோழர்களே! நம்முள் சிலர் நாளை ஆசிரியராவோம், அதிகாரியாவோம். அன்று நம் கையில் ஒரு பயிற்சிக் கூடத்தின் கோப்பு வந்தால், முதலில் கேட்போம்: "இங்கே ஓர் அக்கா இருக்கிறாளா?"