வில்லங்கச் சான்றில் வராத ஏரி

தாம்பரத்துக்குத் தெற்கே பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று நீளும் ரயில் பாதையோரம் மனை வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது வில்லங்கச் சான்று. முப்பது வருடத்துக்குப் போட்டுப் பார்த்துவிடுங்கள் என்பார் வக்கீல். யார் யாருக்கு விற்றார், எந்த வங்கியில் அடமானம் வைத்தார், எப்போது மீட்டார் என்பதெல்லாம் அதில் வரிசையாக வந்துவிடும். கூடவே தாய்ப்பத்திரம், பட்டா, புலப்பட நகல். ஆனால் அந்த மனை எந்த ஏரியின் ஆயக்கட்டில் நெல் விளைந்த இடம், உபரிநீர் வழியும் கலங்கல் எந்தப் பக்கம் இருந்தது, அடைமழையில் தண்ணீர் எந்த வழியாகப் போய்ப் பழகியது என்று சொல்ல ஒரு தாளும் கிடையாது. உள்ளூர் வரலாறு என்றாலே கோயில் மலரிலும் பள்ளி ஆண்டு விழா உரையிலும் இடம்பெறும் அலங்காரம் என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். இந்தப் புறநகர்களைப் பொறுத்தவரை, மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும்போதே கோப்பில் சேர்க்கப்பட வேண்டிய ஆவணம் அது.

2015 டிசம்பர் முதல் தேதியை எடுத்துக்கொள்வோம். அன்றிலிருந்து மறுநாள் காலைவரை தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மாடியில் ஏறி நின்றவர்களைப் படகில் மீட்டார்கள். பழி முழுதும் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரின் மேல் விழுந்தது. சைதாப்பேட்டைக்கும் கோட்டூர்புரத்துக்கும் அந்த வாதம் எவ்வளவு பொருந்தும் என்று தனியே விவாதிக்கலாம். ஆனால் செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலை அருகே. முடிச்சூரும் வரதராஜபுரமும் ஆற்றோட்டத்தில் அதற்கு மேல்பகுதியில் இருக்கின்றன. அங்கே வீட்டுக்குள் புகுந்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பி, கலங்கல் வழிந்து வந்த தண்ணீர். ஒரு ஏரி நிறைந்து அடுத்ததற்குக் கைமாற்றும் இந்த ஏற்பாடு நூற்றாண்டுகளாக அங்கே உள்ளதுதான். புதிதாக வந்தவை நடுவில் எழுந்த வீடுகள். (மணிமங்கலம் என்றதும் நரசிம்மவர்மன் புலிகேசியை வென்ற போர்க்களம் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். அந்த ஊர் ஏரியின் தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்று எந்தப் பாடமும் சொல்லித்தரவில்லை.)

தகவல் எங்கோ புதைந்து கிடக்கிறது என்றும் சொல்ல முடியாது. பாதி ரயில் நிலையப் பலகையிலேயே இருக்கிறது. பழவந்தாங்கல் என்ற பெயரில் வரும் தாங்கல், சிறு ஏரியைக் குறிக்கும் சொல். செங்கல்பட்டுச் சீமையில் ஊருக்கு ஊர் இருந்தது அது. அங்கிருந்து இரண்டாவது நிலையம் திரிசூலம், அடுத்து பல்லாவரம், அதற்கடுத்து குரோம்பேட்டை. குரோமியம் உப்பைக் கொண்டு தோல் பதனிட்ட ஆலை ஒன்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வந்ததால் விழுந்த பெயர் அது. பின்னர் பல்லாவரம், நாகல்கேணி வட்டாரமெங்கும் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பெருகி, கழிவுநீர் மண்ணில் இறங்கி, நிலத்தடி நீர் கெட்டது. அந்தப் பகுதியில் ஆழ்துளைக் கிணறு போட நினைப்பவருக்கு நிலையத்தின் பெயர்ப்பலகையே ஓர் எச்சரிக்கை. ஆனால் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். குரோம்பேட்டை என்பதை வெறும் ஒலியாகக் கேட்டுப் பழகியவருக்கு அது எதையும் சொல்லாது.

மீதிப் பாதிக்கும் ஆவணம் இருக்கிறது. ஏரியைப் பராமரிக்க ஆண்டுதோறும் ஏரி வாரியம் தேர்ந்தெடுத்த முறையை உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் சொல்கின்றன. அவை பராந்தக சோழன் காலத்தவை, பத்தாம் நூற்றாண்டு. அது சோழர் காலப் பெருமையாக மேடைகளில் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. அதைவிட நமக்குப் பயன்படக்கூடிய ஒன்றை யாரும் பேசுவதில்லை. ஆற்காடு நவாப் செங்கல்பட்டு ஜாகிரைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தபின், தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை அந்தச் சீமையின் சுமார் இரண்டாயிரம் ஊர்களை ஊர்வாரியாக அளந்து கணக்கெடுத்தார். எந்த ஊரில் எத்தனை வீடு, எவ்வளவு நன்செய், புன்செய், ஏரி எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது, விளைச்சலில் எந்தப் பங்கு எதற்குப் போகிறது என்றெல்லாம் அதில் உண்டு. களத்தில் நெல்லை அளக்கும்போதே ஏரிப் பராமரிப்புக்கு ஒரு பங்கை ஒதுக்கிவைத்தார்கள் என்பது அந்தக் கணக்கிலிருந்து தெரியவருகிறது. அந்தப் பதிவேடுகள் எழும்பூரில் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்கும் ஆயிரக்கணக்கானோர் தினமும் அதைக் கடந்துதான் வேலைக்குப் போகிறார்கள். இந்தப் பதிவை விரித்துப் பார்த்துவிட்டுச் சாலை போடுகிற வழக்கம் நமக்கு இல்லை. இருந்திருந்தால் பல்லாவரம் பெரிய ஏரியை இரண்டாக வகுந்துகொண்டு துரைப்பாக்கம் ரேடியல் சாலை போயிருக்காது. சாலைக்கு ஒருபக்கம் பல வருடம் குப்பைமேடாகக் கிடந்திருக்கவும் செய்யாது.

இங்கே ஒரு மறுப்பு வரும். காலை ஏழு மணிக்கு வண்டி பிடித்து இரவு எட்டு மணிக்குத் திரும்புகிறவருக்கு இது தூங்கி எழும் ஊர்; சொந்த ஊர் மதுரைப் பக்கமோ திருநெல்வேலிப் பக்கமோ இருக்கிறது; அவருக்கு இந்த வரலாறு எதற்கு? கேள்வி நியாயமாகத் தோன்றினாலும் அடிப்படையில் ஒரு பிழை இருக்கிறது. இங்கே பிறந்து வளர்ந்தவர்களால் மட்டும் ஆன ஊராகத் தாம்பரம் எப்போதும் இருந்ததில்லை. 1928ல் டாக்டர் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காக இங்கே சானடோரியம் தொடங்கினார். ஊரை விட்டு விலகிய, காற்றோட்டமான இடம் என்பதே காரணம். கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்தது 1931ல். ஜார்ஜ் டவுனில் இருந்த கிறித்தவக் கல்லூரி 1937ல் இங்கே குடிபெயர்ந்தது. புதர்க்காடாக இருந்த அதன் வளாகத்தில் மரம் நட்டுத் தோப்பாக்கிய வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் இந்த நாட்டுக்காரரே அல்ல. சிட்லப்பாக்கம் ஏரி நாறிக் கிடந்தபோது விடுமுறை நாளில் மண்வெட்டியோடு இறங்கியதும், மனுமேல் மனு போட்டதும் அங்கே குடியிருந்த சம்பளக்காரர்கள்தான். வந்தவருக்கு ஊர்மேல் அக்கறை வராது என்பது நம் சோம்பலுக்கு நாம் சொல்லிக்கொள்ளும் சாக்கு.

இன்னொரு மறுப்பு கனமானது. இப்படி ஓர் ஆவணம் வந்தால் தண்ணீர் தேங்கும் ஏரி உள்வாயில் குடிசை போட்டவரைத் தூக்கி எறிய அதுவே ஆயுதமாகும் என்கிறார்கள். 2007ல் ஏரிப் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் வந்ததிலிருந்து புல்டோசர் எந்த வீட்டுக்கு முதலில் போகிறது என்பதைப் பார்த்தால் இந்தப் பயத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் ஆவணம் இல்லாமலே அது நடந்துகொண்டிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முழுமையான பதிவு ஒன்று இருந்தால், அரசு போட்ட சாலையும் அரசு ஒப்புதல் கொடுத்த மனைப்பிரிவும் அதே உள்வாயில் இருப்பது பக்கத்திலேயே தெரியும். இன்று ஏழையிடம் இருப்பது ஒரு குடும்ப அட்டையும் மின்கட்டண ரசீதும். வாதாட அவருக்குக் கூடுதலாக ஒரு தாள் கிடைக்கும். வளர்ச்சி நின்றுவிடும் என்ற பேச்சுக்குக் கிளாம்பாக்கமே பதில். பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் உள்ள வட்டாரம் என்பதால் தொல்லியல் அனுமதி வாங்கித்தான் அங்கே பேருந்து முனையம் கட்ட வேண்டியிருந்தது. தாமதமானாலும் 2023 டிசம்பரில் திறந்தாகிவிட்டது. புதைகுழியை விசாரித்த அக்கறை மழைநீர் விஷயத்தில் இல்லாததால்தான் முனையத்தின் எதிரே ஜிஎஸ்டி சாலையில் தண்ணீர் தேங்கி, வடிகாலுக்குத் தனியே அலைய நேர்ந்தது.

வரலாறு என்று தொடங்கினால் யாருடைய வரலாறு என்ற சண்டை வரும் என்பவர்களும் உண்டு. பல்லாவரம் மலையில் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்கள் பொறித்த குடைவரை ஒன்று இருக்கிறது. இன்று அது முஸ்லிம்கள் வழிபடும் இடம். அதே ஊரில்தான் 1863 மே மாதம் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், தோண்டிப் போட்ட செம்பூரான் சரளையிலிருந்து ஒரு கற்கோடரியை எடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதனுக்குக் கிடைத்த முதல் சான்று அது. அந்தக் கல்லுக்கு எந்தச் சாதியும் மதமும் உரிமை கொண்டாட முடியாது. மறைமலை அடிகள் 1911 முதல் வாழ்ந்து 1950ல் மறைந்ததும் பல்லாவரத்தில்தான். அவருடைய பெயர் சூட்டப்பட்ட மறைமலை நகரோ இதே பாதையில் பல நிலையங்கள் தள்ளி இருக்கிறது. சண்டை வரும் என்று பதியாமல் விட்டதில் மிஞ்சியது இப்படிப்பட்ட இடமாற்றங்கள்தான்.

2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானது. மொத்தம் 70 வார்டு. வார்டுக்கு ஒரு வரைபடம் போதும்: ஏரி, தாங்கல், வரத்துக்கால், கலங்கல், பழைய ஆலை, கல்வெட்டு உள்ள கோயில், 2015ல் தண்ணீர் நின்ற உயரம். அதை மனைப்பிரிவு ஒப்புதல் கோப்பில் கட்டாயமாக்கி, வாங்குகிறவர் வில்லங்கச் சான்றோடு சேர்த்துக் கேட்டுப் பெறும்படி செய்யலாம். வேலையை மாநகராட்சி எல்லையோடு நிறுத்திவிடக் கூடாது. 2021ல் சேர்த்த பத்து அமைப்புகளின் பட்டியலில் முடிச்சூர் இல்லை. அங்கே ஒப்புதல் கோப்பு வேறு அலுவலகத்துக்குப் போகும். முதல் வரைபடத்தை அங்கிருந்து தொடங்குவது நல்லது.