நலவாழ்வு: ஈரலுக்குப் பரவிய குடற்புற்றுநோய்

"ஈரலுக்குப் பரவிவிட்டது" என்று வைத்தியர் கூறியதும் எம்மவர் இல்லங்களில் நம்பிக்கை அற்றுப்போகின்றது. நோயாளியிடம் மறைப்பதிலும், தொலைபேசியில் உறவினருக்கு அறிவிப்பதிலுமே நாட்கள் கழிகின்றன. ஆயின், பெருங்குடலிலும் மலக்குடலிலும் தோன்றும் புற்றுநோய் ஈரலுக்குப் பரவிய பின்னரும் சத்திரசிகிச்சையால் குணமடைவோர் உளர். இதனை இவ்வாரம் நோக்குவோம்.

குடலிலிருந்து செல்லும் குருதியின் பெரும்பகுதி, வாயினாளத்தின் வழியே முதலில் ஈரலையே அடைகின்றது. குடலிலிருந்து பிரியும் புற்றுக் கலங்கள் பெரும்பாலும் ஈரலில் தங்குவதற்கு இதுவே காரணம். சிலரில் அவை வேறெங்கும் பரவாது அங்கேயே நின்றுவிடுகின்றன. அந்நிலையிலேயே சத்திரசிகிச்சைக்கு வாய்ப்பு அதிகம்.

ஈரல் மீள வளரக்கூடிய உறுப்பு. ஆரோக்கியமான ஈரலில் ஏறத்தாழ 70 சதவீதத்தை அகற்றினாலும், எஞ்சிய பகுதி சில மாதங்களில் பருத்து முழுப் பணியையும் ஏற்றுக்கொள்ளும். ஆகவே கட்டிகள் எத்தனை என்பதைவிட, அவற்றை முற்றாக அகற்றிய பின் போதிய ஈரல் எஞ்சுமா என்பதே இன்று முதன்மையான கேள்வி.

முதலில் இயலாது எனப்பட்டவர்க்கும் வழிகள் உள்ளன. மருந்துச் சிகிச்சையால் கட்டிகளைச் சுருக்கிய பின் அகற்றலாம். நோயுற்ற பக்கத்துக்குச் செல்லும் வாயினாளக் கிளையை அடைத்தால், மறுபக்கம் சில வாரங்களில் வளரும். சிறிய கட்டிகளை ஊசியினூடாக வெப்பம் செலுத்தி அழிக்கலாம். மிகக் கவனமாகத் தெரிவுசெய்யப்பட்ட சிலருக்கு ஈரல் மாற்றுச் சிகிச்சையும் உண்டு. பிரான்ஸ் வைத்தியர்கள் தலைமையில் நடந்து 2024 இல் வெளியான ஆய்வில், மருந்துடன் ஈரல் மாற்றமும் பெறத் தெரிவானோருள் 57 சதவீதத்தினரும், மருந்து மட்டும் பெறத் தெரிவானோருள் 13 சதவீதத்தினரும் ஐந்தாண்டுகளின் பின் உயிருடன் இருந்தனர்.

உண்மையை மறைத்தலும் தகாது. கண்டறியப்படும் வேளையில் பெரும்பாலானோருக்குச் சத்திரசிகிச்சை பொருந்துவதில்லை. பொருந்துவோரில் 100 பேருக்கு ஏறத்தாழ 40 பேர் ஐந்தாண்டுகளைக் கடக்கின்றனர். பாதிக்கு மேற்பட்டோரில் நோய் திரும்புகின்றது. அவர்களுள் சிலருக்கு மீண்டும் சத்திரசிகிச்சை செய்ய இயலும்.

எனவே "இனிச் செய்வதற்கில்லை" என்ற சொல்லைக் கேட்டவுடன் வீடு திரும்பாதீர்கள். "ஈரல் சத்திரசிகிச்சை நிபுணர் ஸ்கேன் படங்களைப் பார்த்தாரா?" என்று கேளுங்கள். பார்க்கவில்லையெனில், அத்தகைய நிபுணர் உள்ள வைத்தியசாலையின் கருத்தைப் பெற்றுத் தருமாறு வேண்டுங்கள். பள்ளிப் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காது, மொழிபெயர்ப்பாளரைக் கோருங்கள். தாய்க்கோ தந்தைக்கோ நோயை மறைப்பது அன்பினால்தான். எனினும் சிகிச்சைக்கு இணங்கிக் கையொப்பமிட வேண்டியவர் அவரே.

இறுதியாக ஒன்று. பிரித்தானியா போன்ற நாடுகளில் மலப் பரிசோதனைப் பொதி தபாலில் வருகின்றது. மொழி புரியவில்லை என்றோ, கூச்சத்தினாலோ அதனை எறிந்துவிடாதீர்கள். ஈரலை எட்டுமுன் நோயைக் கண்டுகொள்ள அதுவே எளிய வழி.