பாலையில் ஒலிபெருக்கி

சென்ற டிசம்பரில் கல்லூரி ஆசிரியர்கள் 30 பேர் ஜெய்சால்மருக்கு மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சம் மணல்மேடுகளில் ஓரிரவு தங்கினோம். குழுவாகச் செல்வோருக்கென்றே அமைந்த விடுதி. கூடாரம் என்கிறார்கள், உள்ளே கட்டிலும் வெந்நீர்க் குழாயும் உண்டு. ஒட்டகச் சவாரி, அஸ்தமனம், தேநீர், ஆட்டம், விருந்து என்று மணி பார்த்து நடத்துகிறார்கள். திருமண வீட்டாருக்கும் நிறுவனக் கூட்டத்தாருக்கும் ஏறக்குறைய இதே நிரல்தான்.

முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் திரிந்தால் பாலை என்று இளங்கோவை வைத்து இருபது ஆண்டுகளாக வகுப்பில் சொல்லி வருபவன் நான். பாலையாகவே நிலைத்துவிட்ட ஒரு நிலத்தைக் காணும் ஆவல் எனக்கு. (அதை அங்கே யாரும் பொருட்படுத்தவில்லை என்பது வேறு விஷயம்.)

இரவு பாட வந்தவர்கள் மாங்கணியார்கள். வழிவழியாக இசைவாணர்கள், இஸ்லாமியர். ஆனால் அவர்களைப் புரப்போரில் பலர் இந்துக்கள். புரவலர் வீட்டில் குழந்தை பிறந்தாலும் திருமணம் நடந்தாலும் வந்து பாடுவது இவர்களுடைய உரிமை. பாணரை நூலில் மட்டுமே கண்டவனுக்கு எதிரே பாணர் வந்து அமர்ந்தாற்போல் இருந்தது. முதியவர் ஒருவர் தோல் போர்த்த வட்டக் குடமுடைய கமாயச்சாவில் வில்லை இழுத்தார். ஆறேழு நிமிடம் போயிருக்காது, எங்கள் குழுவிலிருந்து ‘நிம்பூடா’ என்று ஒரு குரல். 1999இல் வந்த இந்திப் படத்தின் பாட்டு. வேடிக்கை என்னவென்றால், அது அவர்கள் மரபில் பாடப்பட்டுவந்த பாட்டு. படம்தான் அங்கிருந்து எடுத்துக்கொண்டது. தங்கள் பாட்டையே சினிமாப் பாட்டாக எங்களுக்குப் பாடினார்கள். நானும் கைதட்டினேன். பிறகு ஒலிபெருக்கி வந்தது; கமாயச்சா உறைக்குள் போயிற்று.

கானமயிலின் கடைசிப் புகலிடங்களுள் ஒன்றான பாலைவனத் தேசியப் பூங்காவை ஒட்டிய இடம் அது. அங்கே நள்ளிரவுவரை அந்தச் சத்தம்.

விடுதிகளே கூடாது என்று நான் சொல்லவில்லை. மழை பொய்க்கும் நிலத்தில் குளிர்காலப் பயணிகளால் பல வீடுகளில் அடுப்பெரிகிறது. 1974இல் வந்த சத்யஜித் ராயின் ‘சோனார் கெல்லா’வுக்குப் பின் ஜெய்சால்மர் கோட்டையைத் தேடி வரும் வங்காளிகள் இன்றும் வந்துகொண்டிருக்கிறார்கள். கலை ஓர் ஊருக்குச் சோறு போடுவதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் புரவலனுக்குப் பொருள் இருந்தால் போதாது, செவியும் வேண்டும். கோமல் கோத்தாரி (1929–2004) இக்கலைஞர்களைத் தேடிச் சென்று ஒலிப்பதிவு செய்தார்; விஜய்தான் தேத்தாவோடு சேர்ந்து ரூபாயன் சன்ஸ்தானை நிறுவினார். அவர் அளவுக்கு நம்மால் முடியாது. ஒரு மணி நேரம் வாய் மூடி இருக்க முடியும்.

விடுதிக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. பணம் கொடுக்கும் குழு கேட்பதைத்தான் அவர் தருவார். ஒலிபெருக்கி வேண்டாம், என்ன பாடுவது என்பதைப் பாடுகிறவர்களே முடிவு செய்யட்டும் என்று முன்பதிவின்போதே எழுதிக் கேட்டால் அவருக்கு நட்டம் ஒன்றுமில்லை.

வரும் டிசம்பரில் மீண்டும் போகலாம் என்று துறையில் பேச்சு. கடிதத்தை நான் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன்.