பாவத்தை எல்லைக்கு அந்தப் பக்கம் வை

ஒரு கம்பெனி தன் கிளைகளை எங்கெங்கே திறக்கிறது என்று பார்த்தாலே அந்த நாட்டின் அரசியலைப் பாதி படித்துவிடலாம். தென்னாப்பிரிக்காவின் சன் இன்டர்நேஷனல் சூதாட்ட விடுதிகளை இதற்காகவே இங்கே எடுத்துக்கொள்கிறேன். சூதாட்டம் நல்லதா கெட்டதா என்கிற ஒழுக்கப் பட்டிமன்றத்தில் எனக்கு அக்கறையில்லை. விடுதி யார் மண்ணில் நின்றது, ஆட வந்தவன் எங்கேயிருந்து வந்தான், இடம் மாற வேண்டும் என்று முடிவுசெய்தது யார்? இந்த மூன்று கேள்விகள் போதும்.

1965-இல் தேசியக் கட்சி அரசு சூதாட்டத்தைத் தடைசெய்து சட்டம் போட்டது. குதிரைப் பந்தயத்துக்கு மட்டும் விலக்கு. கால்வினியத் திருச்சபையின் ஒழுக்கமும் நிறவெறி அரசின் சட்டமும் கைகோத்துக்கொண்டிருந்த காலம் அது. வெள்ளைக்காரனுக்குச் சூதாட ஆசையில்லை என்று இதற்கு அர்த்தமா? அதெல்லாம் இல்லை. லெசோத்தோவுக்கும் சுவாசிலாந்துக்கும் போய் ஆடிவிட்டு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குத் திரும்பி வந்துகொண்டுதான் இருந்தான். தேவை இருந்தது. வீட்டுக்குள் வைத்துக்கொள்ளத்தான் மனசில்லை.

இந்த நேரத்தில்தான் 'தாயகங்கள்' வந்தன. 1913 நிலச் சட்டத்திலும் 1936 சட்டத்திலும் தொடங்கிய கொள்ளையின் கடைசிக் கட்டம் அது. நாட்டின் பெரும்பான்மையான கறுப்பு மக்களுக்குச் சுமார் 13 சதவீத நிலத்தை ஒதுக்கி, இதுதான் உன் நாடு, நீ இனித் தென்னாப்பிரிக்கக் குடிமகன் இல்லை என்று சொன்னார்கள். டிரான்ஸ்கெய் 1976, போபுதட்ஸ்வானா 1977, வெண்டா 1979, சிஸ்கெய் 1981 என்று நான்குக்குச் 'சுதந்திரம்' கொடுத்தார்கள். கொடி, கீதம், அதிபர், போலீஸ் எல்லாம் இருந்தது. தென்னாப்பிரிக்காவைத் தவிர உலகத்தில் எந்த நாடும் இவற்றை அங்கீகரிக்கவில்லை.

மூலதனம் அங்கீகரித்தது! சோல் கெர்ஸ்னர் என்கிற ஓட்டல் முதலாளி இந்தப் பொம்மை நாடுகளின் உண்மையான மதிப்பு என்னவென்று சட்டென்று புரிந்துகொண்டார். தென்னாப்பிரிக்கச் சட்டம் அங்கே செல்லாது. ஆனால் தென்னாப்பிரிக்கக் கார் அங்கே போகும்.

இப்போது வரைபடத்தை விரித்துப் பாருங்கள். போபுதட்ஸ்வானா ஒரே நிலப்பரப்பு அல்ல. கிழிந்த துணி மாதிரி தனித்தனித் துண்டுகள். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து சுமார் இரண்டு மணி நேரக் கார்ப் பயணத்தில் சன் சிட்டி, 1979 டிசம்பரில் திறந்தது. பிரிட்டோரியாவுக்கு வடக்கே மபோபனேயில் மொருலா சன். அதே வட்டாரத்தில், வடக்கே போகும் நெடுஞ்சாலையை ஒட்டி 1991-இல் கேரசல். புளும்ஃபோன்டைன் நகரத்துக்காரர்களுக்குத் தபா இன்சூ என்கிற துண்டு. டர்பன்காரர்களுக்கு வைல்டு கோஸ்ட் சன், 1981. அது நிற்கிற இடம் வேடிக்கையானது. நாட்டால் மாகாணத்தின் கடைசி ஊர் போர்ட் எட்வர்டு. அதைத் தாண்டி ம்டம்வுனா ஆறு. ஆற்றின் பாலத்தைக் கடந்தால் டிரான்ஸ்கெய், கடந்தவுடனே விடுதி. டிரான்ஸ்கெய்யின் தலைநகர் உம்டாட்டா எங்கோ உள்ளே கிடந்தது. அந்த நாட்டு மக்களுக்காகக் கட்டியிருந்தால் எல்லையில் கொண்டுபோய் ஒட்டவைப்பானேன்?

ஆக, தாயகத்தை வெட்டியவன் நிறவெறி அரசு. வெட்டிய ஓரங்களில் கடை போட்டவன் கெர்ஸ்னர். வாடிக்கையாளர் வருகை முழுக்க ஒருவழிப் பாதை. வெள்ளி இரவு நகரத்திலிருந்து கார் வரும், ஞாயிறு மாலை திரும்பிப் போகும். ஊரில் தடை செய்யப்பட்ட எல்லாம் அங்கே கிடைத்தது. ரூலட் சக்கரம் மட்டுமா, தணிக்கைக்குத் தப்பிய படம், அரை நிர்வாண ஆட்டம், இனம் கலந்து உட்காரும் மேஜை. வீட்டில் கறுப்பனோடு ஒரே பெஞ்சில் உட்கார மறுத்தவன், இங்கே ஒரே மேஜையில் சீட்டுப் போட்டான். இதைக் காட்டித்தான் "பாருங்கள், எங்களிடம் நிறபேதம் இல்லை" என்று உலகத்துப் பாடகர்களைக் கூப்பிட்டார்கள். 1981-இல் ஃபிராங்க் சினாட்ரா போய்ப் பாடினார். 1984-இல் குயீன் குழு போனது. 1985-இல் ஸ்டீவன் வான் சான்ட் முன்னின்று கலைஞர்களைத் திரட்டி, அங்கே பாடமாட்டோம் என்று பாட்டாகவே வெளியிட்டபோதுதான் விஷயம் பரவலாக அம்பலமானது.

மேஜையில் நிறபேதம் இல்லையாம். மேஜைக்கு அடியில் துடைத்தவர் யார்? சீட்டுப் பிரித்தவர், படுக்கை விரித்தவர், பாத்திரம் கழுவியவர் யார்? 1984-இல் போபுதட்ஸ்வானா கொண்டுவந்த தொழிற்சட்டம், தென்னாப்பிரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட தொழிற்சங்கங்களுக்கு அங்கீகாரம் இல்லை என்றது. முதலாளிக்குத் தேவைப்படும்போது எல்லை திறந்துகொள்ளும், தொழிலாளி சங்கம் வைக்கப் போனால் எல்லை மூடிக்கொள்ளும். தனி நாடு என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

சன் சிட்டியின் பக்கத்திலேயே லெடிக் என்று ஒரு ஊர் இருக்கிறது. 1960களில் பகுபுங் மக்களை அவர்களுடைய சொந்த நிலத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து போட்ட ஊர் அது. 'லெடிக்' என்றால் டச்சு மொழியில் 'காலி' என்று பொருள். 1992-இல் சன் சிட்டிக்குள் 'தொலைந்த நகரம்' என்று ஒரு மாளிகை கட்டினார்கள். காணாமல் போன ஒரு பழைய ஆப்பிரிக்க இனத்தின் நகரம் என்று கதையையும் அவர்களே எழுதிக்கொண்டார்கள். செயற்கை இடிபாடு, செயற்கைக் கடல், செயற்கை அலை. நிஜமாகவே நிலம் பறிகொடுத்த இனம் வேலிக்கு வெளியே உயிரோடு உட்கார்ந்திருக்க, இல்லாத இனத்தைக் கற்பனை செய்து டிக்கெட் போட்டு விற்றார்கள். வைல்டு கோஸ்ட் சன் எழுப்பிய இடத்திலும் குடும்பங்களை அகற்றித்தான் கட்டினார்கள். 1994-இல் வந்த நில மீட்புச் சட்டத்தின்படி அந்த மக்கள் உரிமை கோரிப் போராட வேண்டியிருந்தது.

"எப்படியோ, வேலை கொடுத்தானே, வரி கட்டினானே, ரோடு வந்ததே" என்று ஒரு வாதம் உண்டு. அதை நான் தட்டிவிடவில்லை. நிலமும் இல்லாமல் தொழிலும் இல்லாமல் கிடந்தவர்களுக்கு அந்தச் சம்பளம் சோறு. ஆனால் அந்தச் சோறு எதில் நின்றது என்று கேட்கவேண்டும். சந்தையில் நின்றதா, உழைப்பில் நின்றதா? இரண்டும் இல்லை. வெள்ளை நகரங்களில் சூதாட்டத் தடை இருக்கிறது என்கிற ஒற்றைக் காலில் நின்றது. தடை போனால் சோறும் போகும். போனது.

1994-இல் மங்கோப்பேயின் போபுதட்ஸ்வானா மக்கள் எழுச்சியில் கவிழ்ந்தது. தாயகங்கள் ஒழிந்தன. கொண்டாட வேண்டிய விஷயம். 1996-இல் தேசியச் சூதாட்டச் சட்டம் வந்தது. நாடு முழுக்க அதிகபட்சம் 40 உரிமங்கள் என்று வைத்து மாகாணங்களுக்குப் பங்கிட்டார்கள். உடனே வரைபடம் திரும்பியது. ஜோகன்னஸ்பர்க்குக்குக் கிழக்கே 1998-இல் கார்னிவல் சிட்டி, கேப் டவுனில் 2000-இல் கிராண்ட் வெஸ்ட், டர்பனுக்கு வடக்கே 2004-இல் சிபாயா. எல்லாம் அதே சன் கம்பெனி. வாடிக்கையாளர் விடுதியைத் தேடிப் போன காலம் முடிந்து, விடுதி வாடிக்கையாளரின் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது.

விட்டுவந்த இடங்கள் என்ன ஆயின? மொருலாவின் உரிமத்தைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பிரிட்டோரியாவின் பணக்காரப் பகுதியான மென்லினில் வைத்தார்கள். டைம் ஸ்குவேர் என்ற பெயரில் 2017-இல் அது திறந்தது. மபோபனேயிலிருந்து வேலைக்காரர்கள் வேண்டுமானால் பஸ் ஏறிப் போகலாம். கேரசல் 2020-இல் கொரோனாவோடு மூடியது, கம்பெனி அதை மறுபடி திறக்கவில்லை. ஒரு காலத்தில் விளக்கு மின்னிய கட்டடத்தில் கம்பியும் தகடும்கூட மிச்சமில்லாமல் பெயர்த்தெடுத்தார்கள். சிஸ்கெய்யின் ஃபிஷ் ரிவர் சன்னும் மூடிக்கிடந்தது. சன் சிட்டி பெயரால் பிழைத்தது. வைல்டு கோஸ்ட் சன் டர்பன் கூட்டத்தால் பிழைத்தது.

தோழர்கள் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நிறவெறி ஒழிந்தபோது நிறவெறியால் லாபம் பார்த்தவன் நட்டப்படவில்லை. அவன் இடம்தான் மாறினான். உரிமம் அவனோடு போனது, எந்திரம் அவனோடு போனது, வாடிக்கையாளர் பட்டியலும் அவனோடு போனது. மண்ணோடு தங்கியது மக்கள் மட்டும். இருபது முப்பது வருஷம் அவர்கள் மண்ணில் சம்பாதித்தவனிடம், போகும்போது இவ்வளவை வைத்துவிட்டுப் போ என்று கட்டாயப்படுத்தும் அளவுக்குப் புதிய அரசின் சட்டத்தில் பலம் இல்லை. உரிமத்தை மாகாணத்துக்குப் பங்கிட்டவர்கள், ஊருக்குப் பங்கிடவில்லை.

சேரி எங்கே வைக்கப்படும், சுடுகாடு எங்கே வைக்கப்படும், ஊர்க்குப்பை எங்கே கொட்டப்படும் என்று தெரிந்து வளர்ந்தவர்களுக்கு இந்த வரைபடம் புதுசில்லை. தன் அழுக்கை இன்னொருவன் வாசலில் வைத்துவிட்டு, அந்த வாசலே அழுக்கு என்று சொல்வது ஆதிக்கத்தின் பழைய வேலை. தென்னாப்பிரிக்கா நமக்குக் காட்டுவது அதற்கு அடுத்த பக்கத்தை. அந்த அழுக்கில் பணம் புரள்கிறது என்று தெரிந்து, தடையும் நீங்கிவிட்டால், அது அழுக்கு இல்லையென்று ஊருக்குள்ளேயே எடுத்துப்போய் வைத்துக்கொள்வார்கள்.

ஆகவே நம்மிடம் ஒருவன் "உங்கள் பகுதிக்குத் தொழில் கொண்டுவருகிறேன், வேலை தருகிறேன்" என்று வந்தால், எத்தனை வேலை என்று மட்டும் கேட்டால் போதாது. நிலம் யார் பேரில் இருக்கும்? உரிமம் யார் பேரில் இருக்கும்? நாளைக்கு நீ கிளம்பினால் எங்கள் கையில் எது மிஞ்சும்? இந்த மூன்றுக்கும் பத்திரத்தில் பதில் எழுதி வாங்காமல் வேலை வாங்கினால், மபோபனேக்காரர்கள் ஏறிய அதே பஸ்ஸுக்கு நாமும் காத்திருக்க வேண்டியதுதான்.