காவலுக்கும் காண்டிராக்டா?

ஆலைக் கதவு மூடினால் ஆலை மட்டுமா மூடுகிறது? வாசலில் இருக்கும் டீக்கடை மூடுகிறது. மளிகைக் கடையில் கடன் நின்றுபோகிறது. வாடகை கொடுக்க முடியாதவர் மூட்டை கட்டுகிறார். தெரு இருண்டுபோகிறது. இதைப் பஞ்சாலைத் தோழர்களுக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அப்படி இருண்டுபோன தெருவுக்குக் காவல் வேண்டுமா? "இத்தனை போலீஸ்காரர், தலைக்கு இத்தனை டாலர் என்று விலை கொடுத்து வாங்கிக்கொள்!" என்கிறார்கள் ஒரு நாட்டில். எந்த நாட்டில்? உலகத்துக்கெல்லாம் ஜனநாயகப் பாடம் நடத்தும் அமெரிக்காவில்!

ஊரும் ஷெரீப்பும்

மிச்சிகன் ராஜ்யத்தில், டெட்ராய்ட் நகருக்கு மேற்கே இப்சிலாண்டி டவுன்ஷிப் என்று ஓர் ஊர் இருக்கிறது. டவுன்ஷிப் என்றால் நகரசபை அல்ல. நம் பஞ்சாயத்தைப் போன்ற ஒரு ஸ்தல ஸ்தாபனம். 55,000 ஜனங்களுக்கு மேல் வசிக்கும் அந்தப் புறநகருக்குச் சொந்தப் போலீஸ் கிடையாது. அது அடங்கியிருக்கும் வாஷ்டெனா கவுண்டிக்கு, அதாவது ஜில்லாவுக்கு, ஒரு ஷெரீப் உண்டு. 4 வருஷத்துக்கு ஒருமுறை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கப்படும் போலீஸ் அதிகாரி அவர். அவருடைய போலீஸ்காரர்களைத் தன் தெருக்களில் ரோந்து விடுவதற்காக டவுன்ஷிப் கவுண்டியோடு ஒப்பந்தம் எழுதுகிறது. இத்தனை பேர் என்று எண்ணிக்கை. ஒரு பேருக்கு வருஷத்துக்கு இவ்வளவு என்று விலை. அந்தப் பணம் ஊர் ஜனங்கள் தங்கள் வீட்டுக்கும் நிலத்துக்கும் கட்டும் வரியிலிருந்து போகிறது.

இந்த முறைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கலிபோர்னியாவில் உள்ள லேக்வுட் என்ற புறநகர். 1954-இல் அது தனி நகரமானபோது, போலீஸ் உள்படப் பெரும்பாலான சேவைகளை லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியிடம் ஒப்பந்தத்தில் வாங்கிக்கொண்டது. "லேக்வுட் திட்டம்" என்று அதற்குப் பெயரிட்டார்கள். சிக்கன நிர்வாகம் என்று மெச்சினார்கள்.

சிக்கனம்தான். யாருக்குச் சிக்கனம்? இப்சிலாண்டியின் கதையே பதில் சொல்லட்டும்.

சலுகை வாங்கியவர் யார்?

அந்த ஊரில் வில்லோ ரன் என்ற பிரம்மாண்டமான தொழிற்சாலை இருந்தது. 1941-இல் போர்டு கம்பெனி கட்டியது. இரண்டாம் உலக யுத்தத்தில் 8,000-க்கும் மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் அங்கிருந்து வெளிவந்தன. யுத்தம் உச்சத்தில் இருந்தபோது 40,000 பேருக்கு மேல் அங்கே உழைத்தார்கள். தெற்கு ராஜ்யங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கறுப்பரும் வெள்ளையரும், ஆணும் பெண்ணுமாக உழைத்துத்தான் அந்த ஊரை ஊராக்கினார்கள்.

1953-இல் ஆலை ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் கைக்கு வந்தது. பக்கத்திலேயே கார் பூட்டும் ஆலையும் எழுந்தது. பிறகு சலுகைப் படலம் ஆரம்பமாயிற்று. மிச்சிகனில் 1974-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று உண்டு. ஆலை முதலாளி புதிதாக முதல் போட்டால், அதன்மீது விழும் வரியில் பாதியை 12 வருஷம் வரை தள்ளுபடி செய்யலாம். 1984-இலும் 1988-இலும் இப்சிலாண்டி டவுன்ஷிப் இந்தச் சலுகையை ஜெனரல் மோட்டார்ஸுக்குக் கொடுத்தது. வேலை நிலைக்கும் என்று நம்பிக் கொடுத்தது.

நடந்தது என்ன? 1992 பிப்ரவரியில் கம்பெனி வாய் திறந்தது: இங்கே கார் பூட்டும் ஆலையை மூடுகிறோம், உற்பத்தியை டெக்ஸாஸில் உள்ள ஆர்லிங்டனுக்குக் கொண்டுபோகிறோம் என்றது! தொழிலாளிக்கு எதிராகத் தொழிலாளியை நிறுத்தி, எந்த ஊர் மலிவு என்று பேரம் பேசும் அதே பழைய வித்தை.

டவுன்ஷிப் வழக்குப் போட்டது. 1993 பிப்ரவரியில் உள்ளூர் நீதிபதி ஊர் ஜனங்களின் பக்கம் தீர்ப்பளித்தார். மக்களிடம் வரிச்சலுகை வாங்கிக்கொண்டு, வேறிடத்தில் கொஞ்சம் மலிவாகச் செய்யலாம் என்பதற்காக 4,500 தொழிலாளரையும் அவர்கள் குடும்பங்களையும் கைவிட்டுப் போவது அநியாயம் என்றார். ஆறே மாதத்தில் அப்பீல் கோர்ட்டு அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. சலுகை கேட்கும்போது மிகைப்படுத்திப் பேசுவது வழக்கமாம். அது வாக்குறுதி ஆகாதாம்! அந்த வருஷமே ஆலை மூடப்பட்டது. எஞ்சியிருந்த கியர்ப்பெட்டி ஆலையும் 2010-இல் மூடப்பட்டது.

தொழிலாளி வாடகை தவறினால் வீட்டை விட்டு வெளியேற வேண்டும். கம்பெனி வாக்குத் தவறினால் அது வெறும் பேச்சு. இதுதான் அவர்களுடைய சட்டத்தின் தராசு!

பில் வந்தது யாருக்கு?

ஆலையின் வரி போனால் பஞ்சாயத்தின் பெட்டி மெலிகிறது. வேலை போன ஊரில் களவும் கலகமும் கூடுமோ என்ற பயம் வளர்கிறது. பயம் வளரும்போதுதான் காவல் அதிகம் தேவை. கையில் காசு குறையும்போதுதான் காவலின் விலை ஏறுகிறது.

அதுவும் நடந்தது. கவுண்டி கேட்ட விலை அதிகம் என்று இப்சிலாண்டி, அகஸ்டா, சேலம் ஆகிய மூன்று டவுன்ஷிப்புகள் 2006-இல் வழக்குத் தொடுத்தன. (ஆம், அங்கேயும் ஒரு சேலம் இருக்கிறது!) வருஷக்கணக்கில் வழக்கு இழுத்தது. முடிவில் டவுன்ஷிப்புகள்தான் தோற்றன. டவுன்ஷிப்பின் தெருக்களில் ரோந்து விட வேண்டிய கட்டாயம் கவுண்டிக்குச் சட்டப்படி கிடையாது என்றாகிவிட்டது. அதாவது, ஏழையின் தெருவுக்குக் காவல் உரிமை அல்ல, சரக்கு! விலை கொடுத்தால் உண்டு, இல்லையேல் இல்லை.

ஆட்சேபம் ஒன்று வரும். "சிறிய ஊர் சொந்தப் போலீஸ் வைத்தால் இதைவிடச் செலவு ஆகாதா? பயிற்சி, வண்டி, லாக்கப் எல்லாவற்றையும் பல ஊர்கள் சேர்ந்து பகிர்ந்துகொள்வது நல்லதல்லவா?"

நல்லதுதான்! பகிர்ந்துகொள்வதை நாம் எதிர்க்கவில்லை. ஊருக்கு ஊர் ஒரு போலீஸ் தலைவர் வேண்டும் என்றும் நாம் கேட்கவில்லை. ஆனால் இது பகிர்வா? பகிர்வு என்றால் கவுண்டி முழுவதும் சக்திக்கேற்ப வரி கட்டி, தேவைக்கேற்பக் காவல் பெற வேண்டும். இங்கோ, அவனவன் பைக்கேற்பக் காவல்! சொந்தப் போலீஸ் வைத்திருக்கும் ஆன் ஆர்பர் நகரத்து வரிதாரரிடம், "டவுன்ஷிப்காரனுக்கு நீ ஏன் கொடுக்க வேண்டும்?" என்று கேட்கிறார்கள். டவுன்ஷிப் வரிதாரரிடம், "கவுண்டி உன்னைச் சுரண்டுகிறது" என்கிறார்கள். இரண்டு ஊர் உழைப்பாளிகளும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருக்க, வரிச்சலுகை வாங்கிப் போன கம்பெனியின் பேர் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

அதிகாரமாவது பணம் கொடுப்பவரிடம் இருக்கிறதா? அதுவும் இல்லை. போலீஸ்காரருக்கு உத்தரவு போடுபவர் ஷெரீப். 3 லட்சத்து 70 ஆயிரம் ஜனங்கள் உள்ள கவுண்டி முழுவதும் ஓட்டுப் போட்டுத்தான் அவர் வருகிறார். அதில் இந்த டவுன்ஷிப்பின் பங்கு ஏழில் ஒன்றுக்குச் சற்றே அதிகம். போலீஸ்காரர் கை நீட்டி அடித்தால் டவுன்ஷிப் சபைக்கு அவரை வேலைநீக்கம் செய்ய அதிகாரம் இல்லை. அடுத்த வருஷம் ஆளைக் குறைத்து வாங்கலாம், அவ்வளவே! மேஸ்திரியைக் கேட்டால் முதலாளியைக் கேள் என்பான், முதலாளியைக் கேட்டால் மேஸ்திரியைக் கேள் என்பான். காண்டிராக்ட் கூலிகளுக்கு இந்த நாடகம் புதிதா?

ரோந்து போகும் போலீஸ்காரர்மேல் நமக்குக் கோபம் இல்லை. அவரும் சம்பளத்துக்கு உழைப்பவரே. நம் கேள்வி ஒன்றுதான்: ஓர் ஊரின் உழைப்பையும் வரியையும் தின்றுவிட்டு எழுந்துபோனவனுக்குச் சலுகைச் சீட்டு, இலையெடுக்க நிற்கும் உழைப்பாளிக்குப் பில்லா?

குடிதண்ணீர், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, காவல் எதுவானாலும், "காண்டிராக்டில் விட்டால் சிக்கனம்" என்று யாராவது சொன்னால் தோழர்கள் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். விலையை நிர்ணயிப்பவன் யார்? பணம் கட்டுபவன் யார்? தப்பு நடந்தால் பதில் சொல்பவன் யார்? மூன்றுக்கும் மூன்று பேர் பதிலாக வந்தால், அந்தச் சிக்கனம் உங்களுக்கு அல்ல!