வேகத்தைப் பிடிப்பதும் விடுவதும்

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மாணவர் நமக்கு எழுதிய கடிதம் மூன்று வாரமாக மேசைமீது கிடக்கின்றது. அவருடைய தகப்பனார் கொழும்பிலே உத்தியோகம் பார்ப்பவர். மாதமொருமுறை தாமே காரோட்டிக்கொண்டு வீடு வருகின்றார். ஏறக்குறைய 400 கிலோமீற்றர் பிரயாணம். வந்திறங்கியதும் பிள்ளைகளுடன் பேசுவதற்கு முன்னரே வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு விறாந்தையில் உட்கார்ந்துவிடுகின்றாராம். “விலையுயர்ந்த கார்களில் குறூஸ் கொன்ட்ரோல் என்றொரு சாதனம் உண்டென்றும், அஃது இருந்தால் காலை மிதிமீது வைத்துக்கொண்டே இருக்கவேண்டியதில்லை என்றும் அறிந்தேன். எங்களுடைய சாதாரணக் காருக்கும், தொழிற்சாலையிற் பொருத்தியதுபோலவே, நான் அதைப் பொருத்திவிட முடியுமா? அப்பாவுக்குச் சொல்லாமல் செய்து வைக்க விரும்புகிறேன்” என்று கேட்டிருக்கின்றார்.

கேள்வி சிறிது, விடை சிறிதன்று. ஆகையினாலேயே இத்தனை நாட் சுணக்கம். தகப்பனாருக்குச் சொல்லாமல் என்ற அந்தக் கடைசி வாக்கியமே நம்மைப் பெரிதும் யோசிக்க வைத்தது.

முதலிலே, சாதனம் யாது என்பதைச் சொல்லிவிடுவோம். சாரதி விரும்பிய வேகத்தை அடைந்ததும் ஒரு கோலை அமுக்குகின்றார். அதன்பின் அவர் காலை எடுத்துவிடலாம். ஏற்றம் வந்தால் இயந்திரத்துக்கு அதிக பெற்றோல் கிடைக்கும். சமதரை வந்தால் குறையும். வேகமானி முள் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். பிரேக்கைத் தொட்டவுடன் பிடி விட்டுப்போகும். இவ்வளவே. முன்னாற் செல்லும் வண்டியை அது காணாது. மாடு குறுக்கே வந்தாலும் அதற்குத் தெரியாது. செங்குத்தான இறக்கத்திலே வண்டி தானாக வேகமெடுத்தால் அதைத் தடுக்கவும் மாட்டாது. முன்வண்டியைப் பார்த்து நடக்கும் புதுவகைகள் வேறு; அவற்றை இங்கே நாம் பேசவில்லை.

இதைக் கண்டுபிடித்தவர் காரோட்டத் தெரியாத ஒருவர் என்றால் வாசகர்கள் வியப்படைவார்கள். அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த ரால்ப் டீட்டர் ஐந்து வயதிலே கத்தியால் நேர்ந்த விபத்தினால் பார்வையை முற்றாக இழந்தவர். கண்ணில்லாமலே பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் 1912ஆம் ஆண்டு இயந்திர எந்திரவியற் பட்டம் பெற்றார். கப்பல்களின் நீராவிச் சுழலிகளைச் சமநிலைப்படுத்தும் நுட்பமான வேலையை, பார்வையுள்ளோர் திணறிய இடத்தில், விரல்களின் உணர்ச்சியாற் செய்து முடித்தார். பின்னர் பிஸ்டன் வளையங்கள் செய்யும் பெரிய கொம்பனி ஒன்றின் தலைவருமானார். ஒருநாள் அவருடைய வழக்கறிஞர் ஓட்டிய காரில் அவர் போனாராம். வழக்கறிஞர் தாம் பேசும்போது வேகத்தைக் குறைப்பார். பிறர் பேசுவதைக் கேட்கும்போது கூட்டுவார். முன்னும் பின்னுமாக ஆடிய அந்தப் பிரயாணமே அவருக்கு இந்த எண்ணத்தைக் கொடுத்தது என்று சொல்லப்படுகின்றது. மற்றவர்கள் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தமையால் உணராத குலுக்கலை, வீதியைப் பாராத ஒருவர் உணர்ந்தார். 1950ஆம் ஆண்டு அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. 1958ஆம் ஆண்டுக் கிறைஸ்லர் கார்களிலே சாதனம் விற்பனைக்கு வந்தது. இன்று வழங்கும் பெயர் கடிலாக் கார்களினால் வந்தது.

மாணவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஜேம்ஸ் வாட் 1788ஆம் ஆண்டில் நீராவி இயந்திரத்துக்கு வைத்த வேகங்காப்பியிலே இரண்டு குண்டுகள் சுழலும். வேகம் மிகுந்தால் அவை வெளியே விரிந்து நீராவியைக் குறைக்கும். டீட்டரின் சாதனத்திலும் சுழலும் எடைகளே வேகத்தை அளந்தன. தத்துவம் பழையது.

நிற்க. முற்காலத்துக் காரிலே, காலால் மிதிக்கும் அக்ஸிலரேற்றருக்கும் இயந்திரத்தின் காற்றுவாயிலுக்கும் இடையே ஓர் உருக்குக் கம்பி ஓடும். அப்படிப்பட்ட காருக்கு இச்சாதனத்தைப் பின்னாற் பொருத்துவதென்றால், அக்கம்பியை இழுப்பதற்கு ஒரு தனி மோட்டாரோ, வெற்றிடத்தால் இயங்கும் ஒரு குடுவையோ வைத்தாகவேண்டும். புதிய கார்களிலே அக்கம்பி இல்லை. மிதி ஒரு மின்னுணர்வி மாத்திரமே. கால் எவ்வளவு அழுந்தியதென்பதை அது கணினிக்குச் சொல்ல, கணினி ஒரு சிறு மோட்டாரைக் கொண்டு காற்றுவாயிலைத் திறக்கின்றது. ஆகவே வேகத்தைக் காப்பதற்கு வேண்டிய கையும் காலும் காரிலே ஏற்கெனவே உள்ளன. கணினிக்கு வேகமும் தெரியும். பிரேக் மிதிபட்டதும் தெரியும். குறைவது, “இந்த வேகத்தைக் காப்பாயாக” என்று கட்டளையிடும் கோல் ஒன்றுதான்.

தொழிற்சாலைக்காரர் உயர்ந்த தரத்துக்கும் தாழ்ந்த தரத்துக்கும் பல சமயங்களில் ஒரே கணினியையே வைத்து, தாழ்ந்த தரத்திலே கோலை மட்டும் விட்டுவிடுகின்றனர். வீடு முழுவதும் மின்கம்பி இழுத்துவிட்டு ஓர் அறைக்கு மட்டும் சுவிச் வைக்காமற் போவதைப் போன்றது இது. காசைக் கொடுத்தவனுக்குச் சுவிச், கொடாதவனுக்கு வெறுஞ்சுவர். நமது நாட்டுக்கு ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் வந்திறங்கும் கார்களிற் பல இப்படிச் சுவிச் வைக்காத அறைகளே.

ஆனால் இதையெல்லாம் நாம் அறிவதற்கு முன்னர் நேர்ந்த சம்பவமொன்றைச் சொல்லாமல் மேலே செல்ல முடியாது.

சில ஆண்டுகளுக்கு முன் நமது மைத்துனர் தமது காருக்கு ஒரு வேகங்காப்பியை வாங்கிப் பொருத்தினார். தொழிற்சாலை முறையன்று; எந்தக் காருக்கும் பொருந்தும் என்று பெட்டியிலே விற்கப்பட்டது. மிதிக்கும் கணினிக்கும் நடுவே அமர்ந்து, மிதி அழுந்தியிருப்பதாகக் கணினிக்குப் பொய் சொல்லும் வகை. பொருத்தியவர் பிரேக் விளக்குக்குச் செல்லும் கம்பியை அறுத்து அதிலிருந்து ஓரிழையை இழுத்துக் கொடுத்திருந்தார். சில மாதங்கள் நன்றாகவே ஓடிற்று.

காலியிலிருந்து தெற்கு அதிவேக நெடுஞ்சாலை வழியே திரும்பிக்கொண்டிருந்தோம். மணிக்கு 100 கிலோமீற்றர் என்ற எல்லையிலே வேகம் பிடிக்கப்பட்டிருந்தது. வெலிப்பென்னயில் இறங்கித் தேநீர் அருந்தலாம் என்று மைத்துனர் பிரேக்கை மெதுவாகத் தொட்டார். வண்டி சிறிது தயங்கியது. இயந்திரமோ உறுமத் தொடங்கிற்று. காலை எடுத்தார், வண்டி முன்னே பாய்ந்தது. மறுபடி அழுத்தினார், மறுபடி உறுமல். பின்னாசனத்திலே நமது தங்கை கைக்குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு சொல்லும் பேசாதிருந்தாள். மைத்துனர் நிதானத்தை இழக்காமல், பிரேக்கை விடாது மிதித்தபடியே கியர்க்கோலை நடுநிலைக்குத் தள்ளினார். இயந்திரம் வீணாக அலறிக்கொண்டிருக்க, வண்டி ஓரத்திலே வந்து நின்றது. இவ்வளவும் அரை நிமிடத்துக்குள். தேநீர் அருந்தினோமா என்பது நமக்கு ஞாபகமில்லை.

காரணம் மறுநாள் தெரிந்தது. பிரேக் விளக்குக்குரிய சிறிய பியூஸ் எரிந்துபோயிருந்தது. பின்விளக்கு எரியவில்லை, அந்த ஓரிழையிலும் மின்சாரம் வரவில்லை. பிரேக் மிதிபட்டதென்று அந்தச் சாதனத்துக்குச் சொல்ல வேறு ஒருவரும் இல்லை. குறைந்த வேகத்தை மீட்பதற்காக அது மேலும் மேலும் பெற்றோலைக் கொடுத்தது. அது தன் கடமையையே செய்தது!

ஆகவே நமது மாணவ நண்பருக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான்: வேகத்தைப் பிடிக்கும் வித்தை எளிது, விடும் வித்தையே அரிது. தொழிற்சாலை முறையை நாம் விரும்புவதும் கோலின் அழகுக்காகவன்று. டொயோட்டா முதலிய கார்களில் பிரேக் மிதியருகே உள்ள சுவிச்சிலே இரண்டு தொடுகைகள் உண்டு. மிதியாதபோது ஒன்று திறந்திருக்கும், மற்றது மூடியிருக்கும். மிதித்தால் இரண்டும் இடம் மாறும். கணினி இரு சாட்சிகளையும் ஒருங்கே விசாரிக்கின்றது. ஒருவர் “மிதிபட்டது” என்னும்போது மற்றவரும் அதற்கு இசைந்தே பேசவேண்டும். பியூஸ் எரிந்தாலோ கம்பி அறுந்தாலோ சாட்சியங்கள் முரண்படும். கணினி உடனே பிடியை விட்டுவிடும். நமது மைத்துனரின் பெட்டியிலே ஒரு சாட்சிதான் இருந்தார், அவரும் ஊமையாகிவிட்டார்.

பின்னர் நமது சொந்தக் காருக்கு, 2008ஆம் ஆண்டில் ஜப்பானிலே செய்யப்பட்ட சாதாரண டொயோட்டாவுக்கு, நாம் தொழிற்சாலை முறையிலே பொருத்தினோம். நாம் என்றால், நமது கராஜ் பாஸ் பொருத்த நாம் பக்கத்திலே நின்றோம். அவர் முதலிற் செய்த காரியம் எதையும் கழற்றாமல் ஆராய்ந்ததே. அந்த மாதிரிக்குரிய மின்கம்பி வரைபடத்தை எடுத்து, கணினியிலே இதற்குரிய முனை உண்டா, ஸ்டியரிங் சக்கரத்தினுள்ளே சுருண்டிருக்கும் வடத்திலிருந்து அம்முனைக்குக் கம்பி வந்திருக்கிறதா என்று பார்த்தார். எல்லாக் கார்களிலும் இவை இரா. இல்லாத காருக்குக் கோலை மட்டும் வாங்கி மாட்டினால் அலங்காரமாக இருக்கும், அவ்வளவே. வேறு கொம்பனிகளின் கார்கள் சிலவற்றில் எல்லாக் கம்பியும் இருந்தும், பரிசோதனைக் கருவியினால் கணினிக்கு அறிவித்த பின்னரே அது கண் திறக்கும்.

கோலைப் பஞ்சிகாவத்தையிலே வாங்கினோம். அதன் அமைப்பு மாணவர்களுக்கு இன்பம் தரக்கூடியது. நான்கு கட்டளைகள் இருந்தும் கட்டளைக்குரிய கம்பி ஒன்றே. ஒவ்வோர் அசைவுக்கும் வெவ்வேறு மின்தடை உள்ளே இருக்கின்றது: முனைப் பொத்தானை அமுக்கினால் தடை ஏறக்குறையச் சூனியம், மேலே தள்ளினால் சுமார் 240 ஓம், கீழே அமுக்கினால் சுமார் 630, தன்பக்கம் இழுத்தால் சுமார் 1540. தடையை அளந்தே கணினி கட்டளையை அறிகின்றது. மின்னளவி வைத்திருக்கும் மாணவர் எவரும் கடையிலேயே கோலைச் சோதித்து வாங்கலாம். கடைக்காரர் நம்மைச் சற்று விசித்திரமாகத்தான் பார்த்தார்.

இனி அபாயமான பகுதி. கோலைப் பொருத்தவேண்டிய இடத்தை மூடிக்கொண்டிருப்பது காற்றுப்பை. விபத்திலே கண்ணிமைக்கும் நேரத்துக்குள் விரிவதற்காக அதனுள்ளே எரிமருந்து உண்டு. பாஸ் பற்றரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டுச் சுருட்டொன்றைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நாம் சோம்பல் என்று எண்ணினோம். டொயோட்டாவின் கைநூல் 90 விநாடியாவது காத்திருக்கச் சொல்கின்றது. கழற்றிய பின்னரும் மின்சாரம் சிறிது நேரம் உள்ளே தங்கி நிற்குமாம். பின் அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து காற்றுப்பையை எடுத்து, முகம் மேலே பார்க்க, வேறொரு மேசையில் வைத்தார். அதைக் கவிழ்த்து வைப்பது கூடாது. தப்பித்தவறி வெடித்தால் அது துள்ளியெழும். அதன் மஞ்சள்நிற இணைப்பியிலே மின்னளவியை வைப்பது அதனிலும் கூடாது. கோலை இரண்டு திருகாணிகளால் இறுக்கி, இணைப்பியைச் செருகி, எல்லாவற்றையும் மீள மூட முக்கால் மணி நேரம் சென்றது.

சோதனைக்கு எடுத்துக்கொண்ட நேரமோ ஒரு காலைப்பொழுது முழுவதும். ஓமந்தைக்கு வடக்கே வீதி நேராகவும் வெறுமையாகவும் இருந்த ஞாயிற்றுக்கிழமை அதிகாலையிலே, 60இல் வேகத்தைப் பிடித்தோம். பிரேக்கை இறகால் வருடுவதுபோலத் தொட்டோம்; விட்டது. மறுபடி பிடித்துக் கோலை இழுத்தோம்; விட்டது. முனைப் பொத்தானை அமுக்கினோம், விட்டது. கியரை நடுநிலைக்குத் தள்ளினோம், விட்டது. இறுதியாக வண்டியை நிறுத்தி, பிரேக் விளக்கின் பியூஸை வேண்டுமென்றே பிடுங்கிவிட்டு மறுபடி ஓட்டினோம். மிதியைத் தொட்டதும் அப்பொழுதும் விட்டது. வெலிப்பென்னயில் ஏறிய பாரம் நமது நெஞ்சிலிருந்து இறங்கியது ஓமந்தையிலேதான். பியூஸை அவ்விடத்திலேயே மீண்டும் போட்டுக்கொண்டு, பின்விளக்கு எரிவதைப் பார்த்த பிறகே புறப்பட்டோம்.

முழங்கால் விஷயத்தையும் உள்ளபடி சொல்லவேண்டும். இந்தச் சாதனம் மணிக்கு 40 கிலோமீற்றருக்கு மேலேதான் வேலை செய்யும். ஏ-9 வீதியிலே ஊருக்கு ஊர் 50ஆகக் குறைக்கவேண்டும். வெளியிடங்களில் 70க்கு மேற் போகலாகாது. மாடுகள் எந்தச் சட்டத்துக்கும் உட்படா. மதவாச்சிக்கும் வவுனியாவுக்கும் இடையிலும், ஓமந்தைக்கும் மாங்குளத்துக்கும் இடையிலும் தகப்பனாரின் கால் சிறிது ஓய்வு பெறலாம். முழுப்பிரயாணத்துக்கும் ஓய்வு கிடைக்கும் என்று அவர் எண்ணினால் ஏமாற்றமடைவார். மழை பெய்து வீதியிலே நீர் நிற்கும்போது இதை உபயோகிக்கலாகாது. கால் சும்மா இருந்தால் கண்ணும் சொக்கும்; ஆகவே இரண்டு மணி நேரத்துக்கொருமுறை இறங்கி நடப்பது முன்னிலும் அவசியமாகின்றது. முழங்காலை ஒரு வைத்தியரிடம் காட்டுவது இவை எல்லாவற்றுக்கும் முந்தியது.

சொல்லாமற் செய்து வைக்கும் எண்ணத்தை மட்டும் அந்த மாணவர் கைவிடவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். தாம் அறியாத ஒரு கை பெற்றோலைக் கொடுக்கும் காரிலே எந்தத் தகப்பனாரும் உட்காரலாகாது. அவர் அடுத்தமுறை வீடு வரும்போது அவரையும் கூட்டிக்கொண்டு அனுபவமுள்ள கராஜ் ஒன்றுக்குச் சென்று, காற்றுப்பை வேலையை அவர்களிடம் விட்டுவிட்டு, தாம் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

அதற்கு முன்னர் இன்றைக்கே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. செலவு எதுவும் இல்லை. தகப்பனார் வந்திறங்கியதும் காரை விட்டு எழ விடாமல் ஒருமுறை பிரேக்கை மிதிக்கச் சொல்லி, தம்பியையோ தங்கையையோ பின்னே நிறுத்தி, எத்தனை விளக்கு எரிகின்றன என்று எண்ணச் சொல்லவும். இரண்டு பக்கமும் ஒன்றொன்று, நடுவே உயரத்தில் ஒன்று. எண்ணிக்கையை நமக்கு எழுதினால் மகிழ்வோம்.